வாயில்களின் கலை: டெல்லி கணேஷ் நடிப்பு பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

நாடகத்தையும் திரைப்படத்தையும் ஆராயப் புகுவார், தலைமைப் பாத்திரங்களை ஆராய்ந்து அவ்வளவில் அமைதலே பெரும்பாலும் வழக்கமாக இருந்து வருகின்றது. கதைத் தலைவனாக நடித்தார்க்கு வரலாற்று நூல் உண்டு, மன்றம் உண்டு, சிலை உண்டு. அத்தலைவனுக்குத் தந்தையாகவும் மாமனாகவும் கணக்கராகவும் சமையற்காரராகவும் நாற்பது ஆண்டுகள் உடன்நின்று நடித்தார்க்கோ, மறைந்த மறுநாள் நாளிதழில் இரண்டு பத்திகள் உண்டு. இப்பகுப்பு வணிகத்துக்கு ஏற்றதாகலாம். ஆராய்ச்சிக்கும் ஏற்றதுதானா என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

தமிழ் இலக்கண மரபு இவ்வினாவுக்கு ஒருவகை விடையை முன்னரே வைத்திருக்கின்றது. தொல்காப்பியர் கற்பியலில் வாயில்கள் எனப் பன்னிருவரைத் தொகுத்துக் கூறுவர். தோழி, தாய், பாங்கன், பாணன், கூத்தர், விறலியர், கண்டோர் முதலியோர் அவருள் அடங்குவர். தலைவன் தலைவியரிடையே சொல்லைக் கொண்டு செல்வதும், ஊடலைத் தீர்ப்பதும், நேர்ந்ததைக் கண்டு இரங்குவதும் இவர்தம் தொழில். இவர்க்கெனத் தனிக்கதை இல்லை. ஆயினும் இவரின்றிக் கதை நடவாது. அகத்திணையில் தலைவனும் இயற்பெயர் சுட்டப்பெறுவதில்லை என்பது மேலும் எண்ணத்தக்கது. எனவே ஆங்குப் பெருமையும் சிறுமையும் பெயரால் அமையவில்லை. ஆற்றும் தொழிலால் அமைந்தன. சங்கத் தொகைகளின் சிறந்த பாடல்களுள் தோழி கூற்றாக அமைந்தவை எத்துணை என்று எண்ணிப் பார்ப்பார்க்கு, வாயில்களைப் புலவர்கள் எவ்வளவு மதித்தனர் என்பது விளங்கும்.

இம்மரபினைத் துணையாகக் கொண்டு, அண்மையில் மறைந்த குணச்சித்திர நடிகர் டெல்லி கணேஷ் அவர்களின் கலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விபுலாநந்த அடிகள் 1926ஆம் ஆண்டில் வெளிவந்த தம் மதங்கசூளாமணியில், சேக்சுபியரின் நாடகங்களையே தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திக் காட்டினார். அங்ஙனமிருக்க, தமிழர் நாள்தோறும் காணும் திரைக்கலையை அவ்விலக்கணத்தோடு பொருத்திப் பார்த்தல் மிகையாகாது என்க.

2. களமும் காண்போரும்

டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9ஆம் நாள், தம் 80ஆம் அகவையில், சென்னையின் தென்மேற்குப் புறநகராகிய இராமாபுரத்தில் தம் இல்லத்தில் காலமானார். திரையுலகினர் வந்து வணங்கினர். விமானப்படையினரும் வந்து மரியாதை செலுத்தினர். ஒரு நடிகரின் இறுதியில் படையினர்க்கு என்ன வேலை என்று வியந்தாரும் இருந்திருப்பர். அவர் 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றியவர். நடிப்பு அவர்க்கு இரண்டாம் வாழ்வு.

இக்கலையை ஆராய்தற்குத் தாம்பரத்தையும் அதனைச் சார்ந்த புறநகர்களையும் களமாகக் கொள்ளுதல் இருவகையால் பொருந்தும். முதலாவது, நாடக வரலாறு. 2021ஆம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிய ஊர்களுள் ஒன்று பம்மல். அவ்வூரின் பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கிய சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். வழக்கறிஞரும் அலுவலரும் பகலில் தத்தம் தொழில் செய்து, மாலையில் அரங்கேறி நடிக்கும் பயில்முறை நாடக மரபு அதனால் தமிழகத்தில் வேரூன்றியது. டெல்லி கணேஷும் அம்மரபின் வழித்தோன்றலே என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாவது, காண்போர். கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டில் நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. விடுதலைக்குப் பின்னர் விமானப்படைத் தளத்தைச் சார்ந்தோரும், அரசு அலுவலரும், ஆசிரியரும், வங்கி ஊழியரும் பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், நங்கைநல்லூர் முதலிய ஊர்களில் சிறுமனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினர். அவருட் பெரும்பாலார் தஞ்சையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ பிழைப்பு நாடிப் பட்டினம் புகுந்தவர். ஓய்வூதியம் வாங்கும் தந்தை, மகளின் திருமணத்துக்குக் கடன் வாங்கி அக்கடனை மறைக்கும் தந்தை, மகன் வீட்டில் ஒதுங்கியிருக்கும் பெரியவர் என இவ்வூர்த் தெருக்களில் நாம் காணும் மாந்தர் பலர். டெல்லி கணேஷ் திரையில் தோன்றிய பாத்திரங்களுட் பல இத்தெருக்களிலிருந்து எழுந்து சென்றவை போலவே உள்ளன. ஆதலின் அவர் நடிப்பின் உண்மையை அளக்க இப்புறநகர்களினும் சிறந்த உரைகல் கிடைத்தல் அரிது.

3. பெயரும் ஊரும்

அவர்தம் இயற்பெயர் கணேசன். பிறந்தது 1944 ஆகத்து 1ஆம் நாள், வல்லநாட்டில். அவ்வூர் அந்நாளில் நெல்லை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது; 1986க்குப் பின் தூத்துக்குடி மாவட்டத்துள் அடங்குவதாயிற்று. 'டெல்லி கணேஷ்' என்னும் பெயரைச் சூட்டியவர் இயக்குநர் கே. பாலசந்தர். தில்லியிலிருந்து வந்து நாடகம் ஆடியவர் என்பதே பெயர்க்காரணம்.

தமிழ்த் திரையுலகில் இவ்வகைப் பெயர்கள் பல. மேஜர் சுந்தரராசன் தாம் நடித்த நாடகத்தால் பெயர் பெற்றார். நிழல்கள் ரவி தாம் நடித்த படத்தால் பெயர் பெற்றார். தாம்பரம் லலிதா ஊரால் பெயர் பெற்றார். இஃது ஏதோ விளம்பர உத்தி என்று தள்ளிவிடற்பாலதன்று. சங்கப் புலவருள்ளும் இம்மரபு உண்டு. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் என்போர் தாம் ஆண்ட ஒரு சொற்றொடரால் அறியப்பட்டவர். அவர்தம் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கோவூர் கிழார், அரிசில் கிழார் முதலியோர் ஊரால் அறியப்பட்டவர். ஒருவன் ஆக்கிய ஒன்றோ அவன் வந்த ஊரோ அவனுக்குப் பெயராதல், அவனைத் தம்முள் ஒருவனாக மக்கள் ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளமாகும். தலைமை நடிகர்க்கு மக்கள் பட்டம் சூட்டுவர்; குணச்சித்திர நடிகர்க்கு ஊர்ப்பெயர் ஈவர். பட்டம் ஒருவரை உயர்த்தி வைக்கும். ஊர்ப்பெயரோ அவரை அண்மையில் வைக்கும்.

துரை இயக்கிய 'பசி' (1979) என்னும் படத்தில் டெல்லி கணேஷும் தாம்பரம் லலிதாவும் கணவன் மனைவியராக நடித்தனர். ஒருவர் நாட்டின் தலைநகரைப் பெயரிற் கொண்டவர். மற்றவர் புறநகர் ஒன்றைக் கொண்டவர். இருவரும் அப்படத்தில் சென்னைக் குடிசைப்பகுதி மாந்தராயினர். ஊர்ப்பெயர் அடைமொழியாக முன்னின்றும், அவ்வூரின் சாயல் நடிப்பில் சிறிதும் தோன்றவில்லை. இதுவே அவர்தம் கலையின் முதற்சான்று.

4. பயிற்சி

தில்லியில் பணியாற்றிய காலத்தில் டெல்லி கணேஷ் தட்சிண பாரத நாடக சபா என்னும் குழுவில் நடித்தார். தில்லித் தமிழர்க்கு அந்நாளில் நாடகம் என்பது பொழுதுபோக்கினும் பெரியது. தாய்மொழியை ஒரு மாலைப்பொழுது முழுவதும் கேட்கக் கிடைக்கும் வாய்ப்பு. அத்தகைய அவையில் நடிப்பவர்க்குச் சொல் தெளிவு தலையாய தேவை. பின்வரிசையில் இருப்பார்க்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்டல் வேண்டும். கணேஷின் குரலில் இறுதிவரை நின்ற தெளிவு அங்குப் பெற்றதே எனல் பொருந்தும்.

தில்லி நமக்குத் தந்த மற்றொரு குணச்சித்திர நடிகர் பூர்ணம் விசுவநாதன். அவர் தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். நாட்டு விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த பெருமைக்குரியவர். இருவர்தம் குரலையும் ஒப்பிடுதல் பயன் தரும். பூர்ணம் அவர்களின் பேச்சில் சொற்கள் முன்னரே ஒழுங்குபட்டு நிற்கும்; முடிவு தெரிந்து பேசுவார் போல அவர் பேசுவார். கணேஷின் பேச்சிலோ சொல் அப்போதுதான் தேடப்பட்டுக் கிடைத்தது போன்ற தயக்கம் ஒன்று இருக்கும். முன்னது செய்தி அறிவிப்பவரின் ஒழுங்கு. பின்னது செய்தி கேட்டுத் திகைத்தவரின் ஒழுங்கு. இரண்டும் பயின்று பெற்றவையே.

விமானப்படையிலிருந்து நீங்கிச் சென்னை வந்தபின் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் கணேஷ் நடித்தார். விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' என்னும் நாடகத்தைப் பாலசந்தர் 1977ஆம் ஆண்டில் திரைப்படமாக்கியபோது, அதில் அவர்க்கு இடம் கிடைத்தது. சிற்றூரினின்று சென்னைக்குக் குடிபெயரும் ஒரு குடும்பம் நகரில் அல்லற்படுவதே அதன் கதை. தம் முதற்படமே பட்டினம் புகுவார் கதையாக அமைந்தமை, பின்னர் வந்த நாற்பத்தேழு ஆண்டுகளுக்கும் ஒரு முன்னுரை போல நின்றது.

5. நான்கு பாத்திரங்கள்

நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் நடித்துள்ளார். அனைத்தையும் ஆராய்தல் ஒரு கட்டுரையில் இயலாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு நான்கினை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

'பசி'யில் அவர் ரிக்சாத் தொழிலாளி முனியாண்டி. குப்பை பொறுக்கி வாழும் குப்பம்மாவின் தந்தை. குப்பம்மாவாக நடித்த சோபா அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பர். இப்பாத்திரத்துக்கு உரியது வறுமை. வறுமையை நடிப்பார் பலர் கந்தலையும் கண்ணீரையும் நம்புவர். கணேஷ் அவ்வாறு செய்தாரல்லர். அவர் காட்டியது வறுமையைத் துன்பமென்றே எண்ணாத பழக்கம். துன்பத்தை நாள்தோறும் சுமப்பான் அதனைப் பிறர்க்குக் காட்டி நிற்பதில்லை. காண்பார்க்கு அழுகை தோன்றுவது இதனாலேயே.

'சிந்து பைரவி'யில் (1985) அவர் மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தி. குடித்துவிட்டு வந்தமைக்காகப் பாடகர் ஜே.கே.பி. அவரை மேடையினின்று விலக்கி, மிருதங்கம் இன்றியே கச்சேரி நிகழ்த்துவார். பின்னர்க் கதை வளர்ந்து, அப்பாடகரே குடிக்கு அடிமையாவார். கதையின் கட்டமைப்பை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும்: தலைவனின் வீழ்ச்சி, துணைப்பாத்திரத்தின் வாயிலாக முன்னரே அறிவிக்கப்பட்டுவிட்டது. தொடக்கக் காட்சியில் குருமூர்த்தி வெறும் நகைப்புக்குரிய குடியனாகத் தோன்றியிருப்பின், இப்பொருத்தம் கெட்டிருக்கும். தன் கலையின்மீது மதிப்பும் தன் குறையின்மீது நாணமும் ஒருங்கே உடைய ஒருவராக கணேஷ் அவரைக் காட்டினார். ஆதலின் தலைவன் வீழும்போது, முன்னர்க் கண்ட அந்நாணம் காண்பார் நெஞ்சில் மீண்டும் எழுகின்றது. வாயில் என்னும் சொல்லுக்கு இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

'நாயகன்' (1987) படத்தில் அவர் ஐயர் என்றே அழைக்கப்படுவார். வேலு நாயக்கரின் தமிழை இந்தி பேசுவார்க்கும், அவர்தம் இந்தியை நாயக்கர்க்கும் பெயர்த்துரைப்பது அவர் பணி. மொழிபெயர்ப்பவனுக்குத் தன் சொல் என ஒன்றில்லை. எனினும் அவன் முகம் அவனுடையதே. சினந்த ஒருவன் சொல்லை அச்சமுடைய ஒருவன் வாய் மொழியும்போது, சொல்லும் முகமும் முரணும். அம்முரணே அப்பாத்திரத்தின் உயிர். வன்முறையின் நடுவே வாழும் எளிய மனிதனின் நிலையை உணர்த்த, அப்படத்தில் அவர்க்குத் தனி உரையாடல் மிகுதியும் தேவைப்படவில்லை.

நான்காவது, 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தின் பாலக்காடு மணி ஐயர். கிரேசி மோகன் உரையாடல் எழுத, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய நகைச்சுவைப் படம் அது. திருமண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிட, சமையற்காரராகிய மணி ஐயரும் அவர் வளர்ப்பு மகனும் படும் பாடு தமிழர் பலரும் நினைவிற் கொண்ட காட்சி. இக்காட்சியை மெய்ப்பாட்டு நோக்கில் ஆராய்வது பயனுடைத்து. மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த பேராசிரியர் ஓர் நுட்பம் கூறுவர்: அஞ்சி ஓடி வருவான் ஒருவனைக் காண்பானுக்கு நகையோ இரக்கமோ தோன்றலாம், அச்சமே தோன்றவேண்டும் என்பதில்லை என்பது அதன் கருத்து. மணி ஐயரிடத்து உள்ளது அச்சம். அதுவும் தம் தொழிலின் மானம் போகப்போகின்றதே என்னும் மெய்யான அச்சம். காண்போரிடத்துப் பிறப்பது நகை. நடிகர் தாமும் நகைப்புக்கு இடங்கொடுத்து, 'இது வேடிக்கை' என்று கண்ணாற் குறிப்புக் காட்டியிருப்பின் அச்சம் பொய்யாகி நகையும் குறைந்திருக்கும். கணேஷ் இறுதிவரை அஞ்சிக்கொண்டே இருந்தார். ஆதலின் நாம் இறுதிவரை நகைத்தோம்.

இந்நான்கிலும் பொதுவாய் நிற்பது யாது? பாத்திரம் தான் ஒரு துணைப்பாத்திரம் என்பதை அறியாமலிருத்தலே அஃது எனத் தோன்றுகின்றது. முனியாண்டிக்கும் குருமூர்த்திக்கும் ஐயருக்கும் மணி ஐயருக்கும் தத்தம் வாழ்வே மையம். தாம் பிறர் கதையில் ஓர் ஓரத்தில் நிற்கின்றோம் என்னும் எண்ணம் அவர்பால் இல்லை. இதனை நடிகர் மறவாது காத்தல் அரிது. ஏனெனில் ஒளியும் கருவியும் படப்பிடிப்பினரும் தலைமை நடிகரை நோக்கியே நிற்க, 'நீ ஓரத்தில் நிற்பவன்' என்று சூழல் அனைத்தும் அவர்க்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

6. வழக்குத் தமிழ்

தமிழ்த்துறையினர் கருதத்தக்க மற்றொரு கூறு மொழி. வல்லநாட்டில் பிறந்தவர் 'பசி'யில் சென்னைக் குடிசைத் தமிழையும், 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுத் தமிழையும் பேசினார். இவற்றுள் எதுவும் அவர் தாய்வழக்கு அன்று. கிளைவழக்குகளைப் பேசி நடிப்பாரிடத்து இருவகை உண்டு. ஒருவகையார் அவ்வழக்கின் இரண்டொரு சொற்களைப் பொறுக்கி, அவற்றை மீண்டும் மீண்டும் ஒலித்து, கேட்போர் சிரிப்பை வாங்குவர். மற்றொரு வகையார் அவ்வழக்கின் இசையோட்டத்தைப் பற்றுவர். எவ்விடத்தில் குரல் ஏறும், எவ்விடத்தில் இழுபடும், எவ்விடத்தில் மூச்சு நிற்கும் என்பதை அறிவர். கணேஷ் இரண்டாம் வகையினர். பாலக்காட்டு வழக்கில் வாக்கியத்தின் இறுதியில் நீளும் இசையை அவர் சினத்திலும் அச்சத்திலும் ஒருபடித்தாகவே காத்தார். பேச்சு வேகம் மிகும்போது வழக்குச் சிதைந்து நடிகரின் தாய்வழக்கு வெளிப்படுதல் இயல்பு. அவரிடத்து அது நேரவில்லை.

பிற நடிகர்க்குக் குரல் கொடுக்கும் பணியையும் அவர் செய்துள்ளார். பாலசந்தரின் '47 நாட்கள்' (1981) படத்தில் சிரஞ்சீவியின் தமிழ்க்குரல் அவர் கொடுத்ததே. தம் முகம் மறைத்துப் பிறர் முகத்துக்குச் சொல் ஈதல், வாயில் தொழிலின் எல்லை எனலாம். கிளைவழக்குகளை ஆராய்வார் திரைப்பட உரையாடல்களைச் சான்றாகக் கொள்ளத் தயங்குவதுண்டு. நடிகரின் பேச்சு செயற்கை என்பது அவர் கருத்து. கணேஷ் போன்றாரின் பேச்சை மக்கள் பேச்சோடு ஒப்பிட்டு ஆராயின், அத்தயக்கம் எவ்வளவு தகும் என்பது தெளிவாகும்.

7. தொலைக்காட்சி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15ஆம் நாள் தொடங்கியது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின் நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர்கள் பெருகின. 'வசந்தம்', 'கஸ்தூரி' முதலிய தொடர்களில் டெல்லி கணேஷ் நடித்தார். திரைப்படத்தில் ஆண்டுக்குச் சிலமுறை கண்ட முகம், இப்போது மாலைதோறும் கூடத்தில் அமர்வதாயிற்று.

நெடுந்தொடரின் நடிப்புக்குத் தனி நெறி உண்டு. திரையரங்கில் அவை இருளில் அமர்ந்து கண்ணால் காண்கின்றது. குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ உள்ள சிறுவீட்டில் தொடர் காணப்படுவதினும் கேட்கப்படுவதே மிகுதி. ஒருத்தி அடுப்படியில் தாளித்துக்கொண்டே கேட்கின்றாள். ஒருவர் திண்ணையில் நாளிதழ் விரித்தபடி கேட்கின்றார். மின்விசையோடு ரயிலோசையும் இடையே புகுகின்றது. இச்சூழலில் முகபாவனையை நம்பிய நடிப்புப் பாதி வீணாகும். சொல் தெளிவும் குரலின் வேறுபாடும் உடையார் நடிப்பே அடுப்படி வரை செல்லும். தில்லி மேடையில் பின்வரிசைக்குச் செல்லப் பழகிய குரல், புறநகர் வீட்டின் பின்கட்டுக்கும் செல்லலாயிற்று. மேடைப்பயிற்சி சின்னத்திரைக்கு மிகையாகும் என்னும் பொதுக்கருத்து இவர்பால் பொய்த்தது.

அன்றியும், நெடுந்தொடரில் பாத்திரம் ஆண்டுக்கணக்கில் நீளும். எழுதுவார் மாறுவர், இயக்குவார் மாறுவர், கதை திசைமாறும். நேற்று நல்லவராயிருந்த தந்தை இன்று காரணமின்றிக் கடுமை காட்டல் நேரும். பாத்திரத்தின் ஒருமையைக் காப்பவர் அப்போது நடிகர் ஒருவரே. இப்பணி எந்த விருதுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

8. குறைகளும் மறுப்புகளும்

புகழ்ச்சியே திறனாய்வு ஆகாது. ஆதலின் குறைகளையும் கூறல் கடன்.

அவர் ஒப்புக்கொண்ட படங்களின் பன்மை முதற்குறை. நானூறு படங்களுள் பல, அவரை ஒரு நாற்காலியைப் போலப் பயன்படுத்தின. தந்தை ஒருவர் வேண்டும், டெல்லி கணேஷ் இருக்கின்றார் என்னும் அளவில் அமைந்தன. அவற்றில் அவரும் முன்னர்ச் செய்ததையே மீண்டும் செய்தார். குரலின் அத்தயக்கம் சிலவிடத்துக் கலையாக இராமல் பழக்கமாக நின்றது. இதனை மறைத்தற்கில்லை. எனினும் தலைமை நடிகர் ஆண்டுக்கு ஒரு படம் நடித்து வாழலாம். குணச்சித்திர நடிகர் நாட்கூலி கணக்கிற்கு அண்மையில் வாழ்பவர். வறுமையின் தூண்டலால் பாடிய பாணனைப் பரிசில் வேட்டதற்காக நாம் பழிப்பதில்லை.

இரண்டாவது, வகைப்பாத்திரச் சிறை. 'பசி'யில் ரிக்சாத் தொழிலாளியாக வெற்றி கண்டவர்க்குப் பின்னாளில் பெரும்பாலும் கிடைத்தவை நடுத்தரக் குடும்பத்துப் பெரியவர் பாத்திரங்களே. 'எங்கம்மா மகாராணி' (1981) படத்தில் தலைமைப் பாத்திரமும், 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் கொடியவர் நால்வருள் ஒருவராகிய பிரான்சிஸ் அன்பரசு என்னும் பாத்திரமும் கிடைத்தன. இரண்டாவதில் அவர் குரலையோ முகத்தையோ பெரிதும் மாற்றினாரல்லர். வீட்டுப் பெரியவரின் அதே முகம் கொடுமை செய்கின்றது. அச்சம் அதனால் மிகுகின்றது. இவ்வாற்றலைத் தமிழ்த் திரையுலகம் பின்னர் மிகுதியாகப் பயன்கொள்ளவில்லை. இக்குறை நடிகரைச் சார்ந்ததன்று. கதை எழுதுவார் கற்பனையைச் சார்ந்தது.

மூன்றாவதாக ஒரு மறுப்பு எழலாம். திரைப்பட நடிகரை அகத்திணை வாயில்களோடு ஒப்பிடுதல் பொருந்துமா என்பர். அகப்பாடலின் வாயில், புலவன் நாவில் பிறந்த பாத்திரம். நடிகரோ உடலும் ஊதியமும் உடைய மாந்தர். இவ்வேறுபாடு உண்மையே. நாம் ஒப்பிட்டது பாத்திரத்தின் தொழிலை. கதையின் மையத்தில் இல்லாதான் ஒருவன் வழியாகக் கதையின் உண்மை வெளிப்படுதல் இரண்டிலும் ஒக்கும். இவ்வொப்புமையைக் கடந்து மிகைபடக் கூறுதல் நம் நோக்கமன்று.

9. முடிவுரை

கலைமாமணி விருதும் பரிசுகளும் டெல்லி கணேஷ் அவர்கட்கு வந்தன. முதுமையில் இளைஞர் எடுத்த குறும்படங்களிலும் அவர் தயங்காது நடித்தார். மறைந்தபின் பலரும் நினைவுகூர்ந்தனர். ஆயினும் அவர் தில்லியில் நடித்த நாடகங்கள் நாடகத்துக்கே உரிய இயல்பின்படி அந்தந்த மாலையோடு மறைந்தன. நெடுந்தொடர்களோ ஆயிரக்கணக்கான பகுதிகளாய், அட்டவணை செய்வாரின்றிக் கிடக்கின்றன. தலைமை நடிகரின் படங்கள் மீண்டும் மீண்டும் திரையிடப்படுவதால் தாமே நிலைபெறும். துணைப்பாத்திரக் கலையோ ஒருவர் முனைந்து தொகுத்தாலன்றி நிலைபெறாது.

ஆதலின் தமிழ்த்துறைகட்கு நாம் ஒன்று கூற விரும்புகின்றோம். புறநகர்களில் இன்றும் முதிய நாடகக் கலைஞர் பலர் வாழ்கின்றனர். சபா மேடைகளில் முப்பது ஆண்டுகள் தந்தையாகவும் மாமனாகவும் நடித்துவிட்டு, இப்போது பேரக்குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோர் அவர். அவர்தம் நினைவில் உள்ள உரையாடல்களையும், மேடை உத்திகளையும், வழக்குத் தமிழையும் ஒலிப்பதிவு செய்து வைத்தல் பெரும்பொருள் வேண்டும் பணியன்று. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்க ஊர்தோறும் சென்ற நம் ஆய்வாளர், தாம்பரத்துக்கும் பம்மலுக்கும் செல்லுதல் அரிதன்று. மின்சார ரயிலில் ஒரு மணி நேரமே.

ஓலைச்சுவடிகள் செல்லரித்துப் போனதை எண்ணி நாம் இன்றும் வருந்துகின்றோம். இயற்பெயர் தெரியாத புலவரை அவர் விட்டுச்சென்ற ஒரு தொடரால் அழைக்கின்றோம். அத்தொடரேனும் அவர்க்குக் கிடைத்தது, யாரோ ஒருவர் அதனைத் தொகுத்து வைத்தமையால். நம் காலத்து வாயில்கட்கும் அத்தொகுப்பாளர் ஒருவர் வேண்டும்.